தாய்ப்பால் வேண்டாம் என்றவர்கள்

பிரசவத்துக்கு முந்தைய மாதம் ஞானகுமாரியிடம் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று கேட்டால் சும்மாதான் என்றார்கள். பிறகு டாக்டரம்மா அவள் புருஷன் கிறிஸ்துதாஸை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. ரயிலில் ஆவடி வரும்வரை அவள் என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "உனுக்கு ரத்தம் கம்மியாம்" என்றான்.

அவள் நம்பவில்லை. தொண்ணூற்றேழு ஆகஸ்டில் பெண் குழந்தை நாள் முந்திப் பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. அவள் கட்டிலை மட்டும் வராந்தாக் கோடிக்குத் தள்ளினார்கள். அவளைத் தொட வந்த ஆயா கையுறைமேல் கையுறை போட்டிருந்தாள்.

பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்துதாஸ் பால்பவுடர் டின்னை எடுத்து வைத்தான். தாய்ப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னான். அடுப்புப் பக்கமே வராதவன் இப்போது புட்டிகளைத் தானே கொதிக்க வைத்தான். அதுதான் அவள் சந்தேகத்தைக் கிளறியது. பம்பாய்க்கு லாரி ஓட்டிய காலத்தில் இவனுக்கு வேறொருத்தி இருந்ததாக ஊரில் பேச்சு உண்டு. பிள்ளையைத் தன்னிடம் ஒட்டவிடாமல் பழக்கி, அந்தப் பொம்பளையிடம் கொண்டுபோய்விடத்தான் இந்தக் கரிசனமோ? அவன் சட்டைப்பைகளைத் துழாவினாள். பஸ் டிக்கெட்டைத் தவிர ஒன்றுமில்லை.

மார்பு கட்டி, ரவிக்கை நனைந்து, குழந்தையும் வீறிட்டபோது அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பால் கொடுத்தாள். புட்டிப் பாலைச் சாக்கடையில் கொட்டினாள். மூன்று நாள் அப்படியே நடந்தது.

நான்காம் நாள் தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை சிணுங்கவும் பால் கொடுக்க முந்தானையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிரசவ வார்டில் பார்த்த நர்சு பூங்காவனம் வேகமாக வந்து அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

"பால் குடுக்கக் கூடாதுன்னு உன் ஊட்டுக்காரர் சொல்லலையா?"

"சொன்னாரு. ஏன்னு சொல்லல."

பூங்காவனம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். எச்ஐவி, அவளுக்கும், பிறகு சோதித்ததில் கிறிஸ்துதாஸுக்கும். வயிற்றிலும் பிரசவத்திலும் பாலிலும் குழந்தைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். இப்போது சோதித்தாலும் அம்மாவின் ரத்தத்தில் இருந்து வந்த எதிர்ப்பொருள்தான் தெரியும். ஒன்றரை வயதானால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும் எதிரே நின்றாள். அவன் மறைக்கவில்லை. சொன்னால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்ததாகச் சொன்னான்.

"நீ எங்கனா போய் வாங்கிகினு வந்ததுக்கு நான் அழுதிருப்பேன், போயிருப்பேன். ஆனா சொல்லியிருந்தா, இந்த மூணு நாளு உனுக்குத் தெரியாம பாலு குடுத்திருக்க மாட்டேன்ல?"

அவள் போகவில்லை, மன்னிக்கவும் இல்லை. புட்டியை அன்றிலிருந்து அவளே கொதிக்க வைத்தாள். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் வயிற்றோட்டம் வந்தாலும் 'அதுதானோ' என்று அதன் நாக்கையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த மூன்று நாளை எண்ணாத நாளில்லை.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் சோதனைத் தாளைப் பூங்காவனம் நீட்டினாள். குழந்தைக்கு இல்லை. ஞானகுமாரிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை எடுக்கச் சொன்னாள். அதிலும் இல்லை என்றே வந்தது. அப்போதுதான் வராந்தாவில் உட்கார்ந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள்.