கதவுப் பக்கம் உட்காருகிறவன்

போர் முடிந்த அடுத்த ஆண்டு, புனித மார்ட்டின் திருநாளன்று மதியம், ஒர்சோலா வீட்டு மேசைப் பலகையில் கதவுப் பக்கமிருந்து யாரோ களியைத் தின்றார்கள். அந்தப் பக்கம் ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வாரம் மக்காச்சோள மாவு விலை கொஞ்சம் இறங்கியது, உப்பு விலை ஏறியது, மேல்மலையில் பனி வழக்கத்துக்கு முன்பே விழுந்தது. பெர்கமோ மலைகளின் கடைசி ஊரான எங்கள் ஆர்தேனோவில் வேறு விசேஷம் எதுவும் இல்லை.

நாங்கள் பொலெந்தாக் களியைத் தட்டில் போட்டுத் தின்கிற ஆட்கள் அல்ல. செம்புக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை விரலிடுக்கு வழியாகத் தூவி, துடுப்பை ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி, தோள்பட்டை கழன்றுபோகிற வரைக்கும் கிண்டி, கொப்பரை ஓரத்தில் பொருக்கு பிடித்து களி தானாக விலகி வரும்போது அப்படியே மேசைப் பலகையில் கவிழ்ப்போம். தொட்டுக்கொள்ள இருப்பதை நடுவில் வைப்போம். அவரவர் பக்கத்து ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்குப் பாதை போட வேண்டும். பாதை போய்ச் சேர்ந்த பிறகுதான் நடுவில் இருப்பதில் கை வைக்கலாம். பாதை போடாமல் கரண்டியை நீட்டுகிறவனை எங்கள் ஊரில் திருடனைவிடக் கேவலமாகப் பேசுவார்கள், அதில் தப்பும் இல்லை. ஒர்சோலா வீட்டு மேசையின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. அடுப்புப் பக்கம் ஒர்சோலா, சன்னல் பக்கம் அவள் மருமகள் ஜெல்மினா. கதவுப் பக்கம் ஒர்சோலாவின் ஒரே மகன் ஃபெர்மோவின் இடம். அவன் கல்யாணமான கையோடு மலைப்படையில் சேர்க்கப்பட்டு ருஷ்யாவுக்குப் போனவன். கூடப் போனவர்களில் சிலர் கால்விரல்களை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஃபெர்மோ செத்தான் என்றும் அவர்கள் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

முதலில் பூனை என்று நினைத்தார்கள். பூனையைத் தொழுவத்தில் அடைத்துவிட்டுப் பார்த்தபோதும் கதவுப் பக்கத்துக் களியில் கரண்டிப் பள்ளம் விழுந்தது. ஓரத்தில் ஒரு வாய் அளவு காணாமல் போகும். மென்று விழுங்குகிற நேரம் சும்மா இருக்கும். பிறகு அடுத்த வாய் போகும். அப்போதெல்லாம் தொட்டுக்கொள்ள எந்த வீட்டிலும் ஒன்றும் கிடையாது. மாடுகளைப் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போயிருந்தது. உத்தரத்திலிருந்து நூலில் ஒரு கருவாட்டைத் தொங்கவிட்டு, களித் துண்டை அதில் ஒரு தேய் தேய்த்து வாயில் போட்டுக்கொள்வோம். ஒர்சோலா வீட்டுக் கருவாடு, கதவுப் பக்கத்து முறை வந்ததும் அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே கொஞ்சம் நடுங்கி, திரும்பி வந்து ஆடி நின்றது. பெஞ்சுக்கு அடியில் பனி உருகின தண்ணீர் தேங்கியது. ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், குளிருகிறதென்று அடுப்போரம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், பிறகு தங்கள் வீட்டுக் களி ஆறிப்போகும் என்று எழுந்து போனார்கள். ஒர்சோலா தண்ணீரைத் துடைத்துக்கொண்டே எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னாள்: "என் பையன் வந்துட்டான்."

இதில் மாட்டிக்கொண்டவள் ஜெல்மினா. புருஷனோடு அவள் வாழ்ந்ததெல்லாம் சில வாரங்கள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவளை, மலைக்குகையில் சீஸ் பழுக்க வைக்கிற சாந்தினோ கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தான். அவளுக்கும் சம்மதம். அவன் பெயரைச் சொன்னாலே முகம் சிவந்துபோகிற அளவுக்குச் சம்மதம். ஆனால் பங்குச் சாமியார் எவரிஸ்தோ வந்து மேசையில் உட்கார்ந்து, கதவுப் பக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே ஜெல்மினாவின் பங்கையும் சேர்த்துத் தின்று முடித்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் செத்தவங்களுக்கு செஸ்ட்நட் கொட்டை வேகவச்சு வைக்கிறீங்களே, என்னைக்காவது ஒண்ணு குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி," என்றாள் ஜெல்மினா.

"ஏன் குறையல? செத்தவங்க வருவாங்க, உக்காருவாங்க, திங்க மாட்டாங்க. அப்ப திங்கிறவன் உசிரோட இருக்கான்னு அர்த்தம். புருஷன் உசிரோட இருக்கிற பொம்பளைக்கு நான் எப்படிம்மா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறது?"

ஒன்றும் குறைந்ததில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேகவைத்த செஸ்ட்நட்டை மறுநாள் காலையில் எடுத்துத் தின்றுதான் நாங்கள் எல்லோருமே வளர்ந்தோம்.

இப்படி மூன்று குளிர்காலம் போனது. மாடுகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள், மின்சாரம் கீழூர் வரைக்கும் வந்து நின்றுகொண்டது. கதவுப் பக்கத்து ஆள் ஒரு மதியமும் தவறவில்லை. ஜெல்மினா எதிரே உட்கார்ந்து தின்றாள். மேசைக்கு அடியில் முழங்காலில் குளிர் ஏறும், காலை இழுத்துக்கொள்வாள். ஒரு தடவை ஒர்சோலா தொழுவத்துக்குப் போயிருந்தபோது, "ஃபெர்மோ, நீதானா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். தின்பது நின்றது. யாரோ தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு கரண்டிப் பள்ளம் மறுபடி விழத் தொடங்கியது. அவள் அன்று பாதிக் களியோடு எழுந்து நேராகக் குகைக்குப் போனாள். சாந்தினோ சீஸ் வட்டுகளில் ஊசி குத்திக்கொண்டிருந்தான். குத்தின துளை வழியாகக் காற்றுப் போனால்தான் உள்ளே நீலப் பூசணம் ஓடும்.

"என்ன பொழப்பு இது? கண்ணுக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா மூக்குல ஒண்ணு விட்டுட்டுப் போயிருவேன்," என்றான்.

"நீ விட்டுக் கிழிச்சே. ஊசியைக் கீழ போட்டுட்டுப் பேசு, கையில குத்திக்கப் போற."

"அது ஃபெர்மோதானா?"

"தெரியல. என்னைப் பார்த்துச்சு. பொண்டாட்டியைப் பார்க்கிற மாதிரி இல்ல," என்று சொல்லிவிட்டு ஜெல்மினா அழுதாள். "எனக்கு வயசு ஓடிக்கிட்டே இருக்கு சாந்தினோ. பயமா இருக்கு."

அந்தத் தை மாதம், புனித அந்தோணியார் திருநாளுக்கு, சாந்தினோ ஒரு வட்டு நீல சீஸைத் தோளில் சுமந்துகொண்டு போய் ஒர்சோலா முன்னால் வைத்தான். கிழவியைக் குளிரவைக்கத்தான், வேறெதற்கு? சமவெளிக்காரர்கள் கோர்கொன்சோலா என்று செய்து பட்டணத்துக்கு அனுப்புகிறார்களே, அதற்கு எங்கள் சீஸ் மலைப் பங்காளி. முதல் நாள் சாயங்காலம் ஆறின தயிரையும் மறுநாள் காலையின் சூட்டுத் தயிரையும் மாற்றி மாற்றி அடுக்குவோம். இரண்டும் ஒட்டாத சந்துகளில் நீலம் பூக்கும். ஒர்சோலா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் களியைக் கவிழ்த்து, நடுவில் குழி செய்து, ஒரு பெரிய துண்டை வைத்தாள். சூட்டில் அது வியர்த்து, தளர்ந்து, ஓரம் வழிந்தது. மஞ்சள் களிமேல் வெண்ணெய் நிறத்தில் ஒரு குட்டை பரவ, அதற்குள் நீலக் கோடுகள் நீண்டு கரைந்தன. வீடு முழுக்க அந்தக் காரவாசம். போருக்குப் பிறகு அந்த மேசையில் நீல சீஸ் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜெல்மினாவுக்கு மனசு உருகிப்போனது, கொஞ்ச நேரம் எல்லாக் கவலையும் மறந்து தின்றாள்.

ஃபெர்மோ சீஸ் தின்கிற அழகு ஊரறிந்தது. இரண்டு பக்கமும் களியை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டுத்தடம் மாதிரி ஒடுங்கலாக ஒரு பாதையை விறுவிறுவென்று போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடுவில் போய் நிற்பான். அதற்காகச் சின்ன வயதில் ஒர்சோலாவிடம் கரண்டியடி வாங்கியிருக்கிறான். கதவுப் பக்கத்து ஆள் அப்படித் தின்னவில்லை. அகலமாக, பொறுமையாக, பலகையில் ஒட்டினதையும் வழித்துத் தின்றுகொண்டு வந்தார். களி முடிந்து நீலம் தொடங்குகிற இடத்துக்கு ஒரு விரல் முன்னால் பாதை நின்றது. பெஞ்சு கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. பூசணம் பிடித்ததைச் சோற்றில் கண்டவர் விலகுவாரே, அந்த மாதிரி. மறுநாளும் அங்கேயேதான் நின்றது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

"அத்தை, இது அவர் இல்ல," என்றாள் ஜெல்மினா.

ஒர்சோலா தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தாள். "தெரியும்."

"எப்பருந்து தெரியும்?"

"முதல் நாள்லருந்து. பெத்தவளுக்குத் தெரியாதா? என் பையன் என்னைக்குப் பலகையை வழிச்சுத் தின்னான்?"

ஜெல்மினா கரண்டியை வைத்தாள். "மூணு வருஷம் அத்தை. இவன் உங்க களியைத் தின்னான். நீங்க என் வயசைத் தின்னீங்க."

"நீயும் போயிட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்னு பயந்தேன்," என்றாள் ஒர்சோலா. பிறகு கதவுப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலை இறக்கிச் சொன்னாள்: "இவன் யாரு பெத்த பிள்ளையோ. பனியில வழி தவறி இங்க வந்துட்டான். இவனுக்கு நான் போட்டா, அங்க ருஷ்யாவுல என் பிள்ளைக்கு எவளாவது போடுவா. இவனுக்கு நான் நிறுத்திட்டா அவளும் நிறுத்திருவா. அதான்."

அன்று ஜெல்மினாவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. கோபத்தோடு போய்ச் சாமியாரை அழைத்துவந்தாள். அவர் நின்றுபோன பாதையைப் பார்த்தார், சந்தேகம் வரக் கூடாதென்று சீஸையும் நன்றாகவே தின்று பார்த்தார், ஃபெர்மோவோடு வளர்ந்தவர்களை விசாரித்தார். பிறகு தின்கிறவன் ஃபெர்மோ இல்லை என்று முடிவுகட்டி, மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவைத்தார். ஜெல்மினா மேட்டுத்தெருவுக்குக் குடிபோனாள். சாந்தினோ மேசையை வட்டமாகச் செய்யச் சொன்னான், வட்டத்துக்குக் கதவுப் பக்கம் என்று ஒன்று கிடையாது என்பது அவன் கணக்கு. மாமியாரும் மருமகளும் நீரூற்றில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடம் நிரப்பினார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது, அது நடக்கத் தொடங்கியது, அப்போதும் அவர்கள் பேசவில்லை.

அடுத்து வந்த ஒரு குளிர்காலத்தில் ஒர்சோலா தொழுவத்து வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். துடுப்புப் பிடிக்க முடியவில்லை, அந்த வீட்டில் களி நின்றது. மதிய மணி அடித்ததும் வெறும் பலகையில் கரண்டி சுரண்டுகிற சத்தம் தொடங்கியது. தெரு முழுக்கக் கேட்டது. அவசரமில்லாமல், கோபமில்லாமல், கதவுப் பக்கத்து ஓரத்திலிருந்து நடுவரைக்கும் சுரண்டும், பிறகு ஓரத்துக்குத் திரும்பி வந்து மறுபடி சுரண்டும். பொழுது சாய்ந்தால்தான் ஓயும். ஒர்சோலா கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, கை சரியாகட்டும்," என்று கெஞ்சினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் களி கிண்டித் தட்டோடு வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். தட்டில் இருந்ததை அவர் தொடவில்லை. உள்ளே போய்ப் பலகையில் கவிழ்க்க எங்கள் ஊரில் ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை, ஆண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேட்டுத்தெருவுக்கு அந்தச் சத்தம் காற்றில் வரவில்லை, மரம் வழியாக வந்தது. வட்ட மேசையில், வெண்ணெயும் நீல சீஸும் உருகி வழிகிற களியைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தால், பலகைக்குள்ளிருந்து சுரண்டும். "எனக்கென்ன," என்றாள் ஜெல்மினா. மறுநாளும் எனக்கென்ன என்றாள். சாந்தினோ கரண்டியை வைத்துவிட்டான். குழந்தை பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, யாருக்கோ பசிக்குது," என்றது. ஜெல்மினா எழுந்தாள். மிச்சமிருந்த சீஸை இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் முடிந்துகொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

ஒர்சோலாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுப்பை மூட்டினாள், கொப்பரையை ஏற்றினாள், உப்புப் போட்டு மாவைத் தூவினாள். துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிற நேரமெல்லாம் முதுகுக்குப் பின்னால் சுரண்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சுற்றுகிற பக்கத்தை மாற்றவில்லை. களியைப் பலகையில் கவிழ்த்தாள். சத்தம் நின்றது. ஆவி அடங்குவதற்குள் கதவுப் பக்கம் ஒரு வாய் போயிருந்தது. அவள் சீஸை நடுவில் வைத்து, அது வழியத் தொடங்கினதும் கரண்டியின் முதுகால் கதவுப் பக்கத்துக் களியைக் கரை மாதிரி தள்ளிவிட்டாள். நீலம் சன்னல் பக்கமாகவே ஓடியது.

"உங்களுக்காக வரல அத்தை," என்றாள்.

"தெரியும்மா."

"அங்க கிண்டுறவளுக்கும் கை ஒடியும். அப்ப எவளாவது ஒருத்தி எந்திரிச்சு வரணும் இல்ல?"

ஒர்சோலா பழக்கமில்லாத இடது கையால் கரண்டியை எடுத்து, அடுப்புப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கினாள். அந்த மணிக்கட்டு கடைசிவரை சரியாகக் கூடவில்லை. ஜெல்மினா தினமும் மதியம் இறங்கிப் போய், மூன்று பேருக்கு ஆகும்படி மாவு போட்டுக் கிண்டினாள்.