அழியல, மூடிக்கிச்சு

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வேலுமணியை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போன நேரம் பார்த்து, டாக்டர் அவன் மனைவி நல்லம்மாளை உள்ளே கூப்பிட்டார். மஞ்சக்காமாலை என்று மாதக்கணக்கில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள் அவள். ஈரலில் புற்று என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. டாக்டர் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வளரு, நில்லுன்னு சொல்ற ஜீன்கள் இருக்கும்மா. இவருக்கு 'நில்லு'ன்னு சொல்றது அழியல, மூடிக்கிச்சு. கருவுல ஈரல் வளர்றப்ப வேலை செஞ்சுட்டுத் தூங்கிப்போன 'வளரு'ங்கறது மறுபடி முழிச்சுக்கிச்சு. அதனாலதான் கட்டி பெருத்து, நுரையீரலுக்கும் பரவிருச்சு."

"மூடுனதத் தெறக்க முடியாதுங்களா?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா. இப்ப மருந்து இல்ல. வலி தெரியாமப் பாத்துக்கலாம்."

ஊருக்கு, நல்லூருக்குத் திரும்பியதும், டாக்டர் என்ன சொன்னார் என்று வேலுமணி விடாமல் கேட்டான். அவன் பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். நூல் அறுந்தால் மிஷினை நிறுத்த ஒரு கம்பி உண்டு. ஏற்றுமதி அவசரத்தில் அதை நூலால் கட்டிவிட்டு ஓட்டுவது அங்கே எல்லோரும் செய்கிற திருட்டு வேலை. துணி ஓட்டை ஓட்டையாக இறங்கும், மிஷின் நிற்காது.

"நீங்க கம்பியக் கட்டி உடுவீங்கல்லங்க, அந்த மாதிரியாமுங்க. கம்பி கெடலயாம், கட்டித்தான் கெடக்குதாம்," என்றாள். அவனுக்குப் புரியட்டும் என்றுதான் சொன்னாள். மருந்து இல்லை என்ற மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

வேலுமணி சிரித்துவிட்டான். "அட, இவ்வளவுதானா புள்ள? கட்டுனத அவுத்து உட்டாத் தீந்துது!"

அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். முதலாளிக்குப் போன் போட்டு, தன் மிஷினை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றான். பக்கத்து வீட்டு ஜமாலிடமும் சொல்லிவிட்டான். தெருவே அவளைப் பார்த்து, நல்லபடியாகிவிடும் என்றது. பாவி, என் வாயாலேயே கெடுத்தேனே என்று குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். விடிந்தால் அவன் முகம் நேற்றைவிடத் தெளிவாக இருக்கும்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில், பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு முன்னால் ஓடி, ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தான். சட்டைக்குள் உடம்பே இல்லை. மூச்சு வாங்கியது, கண் மட்டும் பளிச்சென்றிருந்தது.

"புள்ள, டாக்டரு இன்னிக்கே அவுத்து உட்ருவாரா, இல்ல ஆஸ்பத்திரியிலயே படுக்கோணுமா?"

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"உக்காந்துட்டுப் பேசு," என்றவன், உள்ளே ஏறி, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.