ஒரே சன்னலில் வெயிலும் பாப்பாவும்

என் வீட்டுக்காரர் யுவராஜுக்கு எதையும் கோடாக இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு மலைமேல் எங்கள் மாரமங்கலத்து வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். எங்கள் காப்பித் தோட்டத்தில் வெயிலையும் மழையையும் அளக்கக் கருவி நட்டு, அந்தக் கணக்கைப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் போட்டுப் படம் வரைவார். கார்த்திகையில் மகள் பிறந்ததும் அவளுக்கும் ஒரு படம். ஞாயிறுதோறும் காலையில் மிளகு நிறுக்கும் தராசில் கூடையை வைப்பார். அதில் நான் அமுதவல்லியைப் படுக்கவைக்க, அவர் எடையைக் குறித்துக்கொள்வார். கோடு ஏறிக்கொண்டிருந்த வரைக்கும் நானும் கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்ததும் கோடு இறங்கியது.

மூன்று மாதக் குழந்தை இளைக்கலாமா? யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் குடிப்பது என் பால் ஒன்றைத்தானே. பேரை மட்டும் அமுதவல்லி என்று வைத்துவிட்டோமே என்று குளியலறைக்குள் போய் அழுதேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டோம். புதன்கிழமை தூக்கி வரச் சொன்னார், அதுவரை தாய்ப்பாலே கொடுக்கச் சொன்னார். இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பைக் சாவியை எடுத்துவிட்டார்.

"ஏற்காடு போயி பால் பவுடர் டின்னு வாங்கியாறேன் மேனகா."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ, உன் பால் போதாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி சுருக்கென்றது.

"ஏனுங்க, போறதுக்கு முன்ன அந்தப் படத்த எனக்குக் காட்டிட்டுப் போங்க."

காட்டினார். கம்ப்யூட்டர் திரையில் மழைப் படம் ஒரு சன்னலில் திறந்தது. அதை மறைத்துக்கொண்டு வெயில் படம் இன்னொரு சன்னலில், அதையும் மறைத்துக்கொண்டு பாப்பா. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று குறுக்கே வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊட்டுல இருக்கற சன்னலு பத்தலைன்னு இதுல வேற இத்தனையா? எல்லாத்தையும் ஒண்ணுலயே வெக்க முடியாதுங்களா?"

"முடியும் புள்ள, இரு." நின்றபடியே ரெண்டு வரி தட்டினார். ஒரே சன்னலுக்குள் மூன்று படமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. "தேதி மூணுக்கும் பொது. மேல இருந்து நேராக் கீழ பாத்தா எல்லாம் ஒரே நாளு."

மேலே மழை, நடுவில் வெயில், கீழே பாப்பா. மழையில் ஒன்றுமில்லை. நடுப் படம் மார்கழி, தை முழுக்கக் குளிரில் சுருண்டு கிடந்தது. நடுவே ஒரு ஞாயிறு மட்டும் துள்ளி எழுந்திருந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. மூடுபனி விலகி, குவிந்து கிடந்த துணியெல்லாம் காய்ந்த நாள். அதற்கு நேர் கீழே பாப்பாவின் கோட்டில் ஒரு பள்ளம், அடுத்த வாரமே ஏறிவிட்டதால் நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டது. இப்போது மாசியிலும் அப்படித்தான்.

"ஏனுங்க, வெயிலு ஏறுன பக்கமெல்லாம் பாப்பா எறங்கறாளே?"

"வெயிலுல ஒடம்புத் தண்ணி வத்துதோ என்னமோ," என்று இன்னும் கொஞ்சம் பயந்தார் அந்த மனுசன்.

எனக்குப் பளிச்சென்று பட்டது. மூடுபனி அப்பிய காலையில் பச்சைக் குழந்தையின் துணியைக் கழற்ற எனக்கு எப்படி மனசு வரும்? நான் பின்னிய தடித்த ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மேலே ஒரு சால்வை, எல்லாவற்றோடும்தான் கூடையில் வைப்பேன். வெயில் வந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு வைப்பேன். இவர் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓடிப்போய்க் கொடியில் கிடந்த ஸ்வெட்டர், குல்லா, காலுறை, சால்வை எல்லாவற்றையும் வாரிவந்து காலிக் கூடையில் போட்டேன். பாப்பா இளைத்ததாகச் சொன்ன எடையைவிட அதிகமாகவே காட்டியது தராசு.

யுவராஜ் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எல்லா வாரமும் வளந்துட்டேதான் இருந்திருக்கறா. உன்னைய நொம்ப அழ வெச்சிட்டேன் புள்ள."

"புதங்கெழம நர்ஸம்மாகிட்ட எப்படியும் காட்டீர்லாம்," என்றேன். அவர் எழுந்து பைக் சாவியை ஆணியில் மாட்டினார்.

உள்ளே பாப்பா பசித்து வீறிட்டாள். அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

"குடி சாமி, நல்லாக் குடி. எம்பாலு பத்தாமப் போனது உன்ற ஸ்வெட்டருக்குத்தானாம்."