சத்தியநேசனின் தூக்கம்

எப்சிக்குப் புருஷன் மேல் வேறு எந்தக் குறையும் இல்லை. அவர் தூங்குவதுதான் பொறுக்கவில்லை. சத்தியநேசன் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குத் தனியார் பஸ் ஓட்டுகிறவர். ஒன்பதரைக்கு ஜெபம் முடித்துத் தலையணையில் தலை வைத்தால், அவள் கொசுவலையைச் செருகி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

அவளுக்கோ நாற்பத்தேழு வயதானதிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஜாதிக்காய் உரசிப் பாலில் கலந்து குடித்தாள். சங்கீதங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். மத்தியானம் படுக்கக் கூடாது, சாயங்காலம் காப்பி கூடாது, படுக்கைக்குச் செல்போன் ஆகாது, தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் பீரோவில் போட்டுவிட்டாள். பொழுது சாய்ந்த பிறகும் மூன்று காப்பி குடிக்கிற மனுஷன் இதையெல்லாம் பார்த்தா தூங்குகிறார் என்று ஆத்திரம்.

ஒரு ராத்திரி, அவர் வாயை லேசாகத் திறந்து பிள்ளை மாதிரித் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வயிறு எரிந்தது. தோளை உலுக்கி, பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்றாள். அவர் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். வெகுநேரம் புரண்டார். அது அவளுக்கு இதமாக இருந்தது. மறுநாள் கேஸ் வாடை வருகிறது என்று எழுப்பினாள். அதற்கு மறுநாள் நெஞ்சு படபடக்கிறது என்றாள். அவர் ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நாலாம் நாள் காலையில் கண்டக்டர் மகேஸ்வரன் போன் செய்தான்.

“மதினி, பயப்படாதிய. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாங்குநேரி தாண்டினதும் அண்ணாச்சிக்குக் கண்ணு சொருவிட்டு. வண்டி ரோட்ட விட்டு எறங்கப் பாத்துச்சு. சுதாரிச்சு ஓரமா நிப்பாட்டிட்டாவ.”

இன்றைக்கு இனி ஓட்ட மாட்டேன் என்று அவர் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டாராம். பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசினார்களாம். முதலாளி ஒரு வாரம் வண்டிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மத்தியானம் அவர் வந்தார். சோறு போட்டுவிட்டு, தான் சொன்னதெல்லாம் பொய் என்று எப்சி தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

“தெரியும்,” என்றார். “கேஸ் வாடைன்னு சொன்னியே, அன்னைக்கு சிலிண்டர் தீந்துல்லா கெடந்துச்சு.”

“பெறகு ஏன் எந்திரிச்சிய?”

“நீ தனியா முழிச்சுக் கெடக்கியேன்னுதான்.” ரசத்தை ஊற்றிக்கொண்டார். “ஆனா பஸ்ஸுல அம்பது பேரு இருந்தாவ எப்சி. இனிமே எழுப்பாத.”

அன்றைக்கே எப்சி பீரோவைத் திறந்து சீட்டை எடுத்தாள். மத்தியானம் அவர் கட்டிலில் குறட்டை விட, கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். செல்போன் அடுக்களையிலேயே கிடந்தது. ராத்திரி தூக்கம் வராதபோது முன்னறைக்குப் போய்ப் பழைய சேலைக்கு ஓரம் தைத்தாள். கண் கனத்த பிறகே கட்டிலுக்குத் திரும்பினாள். முதல் நாலு நாள் ஒரு பலனும் இல்லை. அவர் மறுபடி வேலைக்குப் போன பிறகு, ஒரு ராத்திரி பதினொன்றுக்குப் படுத்தவள் நாலு மணிக்குத்தான் விழித்தாள்.

காலையில் எப்படித் தூங்கினாய் என்று அவர் கேட்டார். நன்றாகத் தூங்கினேன் என்றாள். எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்த அவரைவிட இரண்டு மணி நேரம் குறைவு என்பது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.