சிடுமூஞ்சி போன நாள்

அந்த வீட்டில் எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னும் "போடட்டுமா?" என்று கத்த வேண்டும். எங்கிருந்தாவது "போடு!" என்று பதில் வந்தால்தான் மிக்சி சுற்றும், மோட்டார் ஓடும். கேட்காமல் போட்டால் போச்சு. சுவரில் தொங்கும் சோலார் இன்வெர்ட்டர் ஒரு இருமல் இருமி, சிவப்பு விளக்கைக் காட்டி, மொத்த வீட்டையும் அணைத்துவிடும். பன்னிரண்டு வருஷப் பழசு. அதற்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்ததில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

இன்றைக்கு அது போகிறது. வீட்டு மருமகளான தையல்காரிக்குக் காலையிலிருந்தே ஒரே பரபரப்பு. புது இன்வெர்ட்டர் பெட்டி இருந்த அட்டையை நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டாள், ஐந்தாவது தடவை யாரும் பார்க்காதபோது.

பின்னே இருக்காதா? முன்னறையில் அவளுடைய எம்பிராய்டரி மெஷின் ஆறு மாதமாகப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. பகலில் அந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்தால் அதிசயம். சோலாரில் ஓட்டலாம் என்றால், மெஷினோடு சேர்த்து ஒரு ஃபேன் சுற்றினால்கூடச் சிடுமூஞ்சிக்குப் பொறுக்காது. ஒருமுறை, மாதிரிக்கு ஒரு சட்டையில் பாயும் குதிரையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மாமனார் மறதியில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டார். குதிரை மூன்று காலோடு நின்றுவிட்டது.

அந்தக் குதிரைதான் பக்கத்து மைதானத்துக் கால்பந்துக் குழுவின் சின்னம். பதினைந்து சட்டைகள் இன்று காலையில்தான் வந்து இறங்கின. "நாலு மணிக்கு வந்து வாங்கிக்குவேன் அக்கா, அஞ்சு மணிக்கு மேட்ச்" என்று சொல்லியிருந்தான் கேப்டன். "நல்லா வந்திருந்தா மத்த டீம் சட்டையெல்லாம் உங்களுக்குத்தான்." அந்த வேலை கிடைத்தால், கழிவறைக்குப் போனாலும் கடிகாரத்தைப் பார்க்கும் சூப்பர்வைசரையும் அவருடைய ஆடைத் தொழிற்சாலையையும் அவள் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம். இன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்திருந்தாள். பொய்தான்.

எலக்ட்ரீஷியன் பதினொரு மணி வரை மொட்டைமாடியில் நின்று சோலார் பேனல் கம்பிகளையெல்லாம் மாற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். பிறகு சிடுமூஞ்சியைக் கழற்றிக் கீழே வைத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது.

"பேட்டரி அடுத்த மாசம்தான் வரும் அக்கா. ஆனா இது வெயில்லயே நேரா ஓடும். மெஷின், மிக்சி, அயர்ன்பாக்ஸ் எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க, அசையாது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!"

மாமனார் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். விதி என்று எங்கே எதைக் கண்டாலும் கடைப்பிடித்தே தீர்வார். புதுப் பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து எங்கோ போனார். அரை மணி கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து, சாய்வு நாற்காலியில் திருப்தியாகக் கண்ணை மூடினார்.

பன்னிரண்டரைக்குப் பெட்டி சுவரேறியது. எலக்ட்ரீஷியன் ஸ்விட்சைத் திருகினார். திரையில் ஒரு சூரியன் படம் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

இருவரும் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அணைத்துப் போட்டார், மறுபடியும் பூஜ்யம். வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, பெட்டியோ வெயிலே இல்லை என்று சாதிக்கிறது. எலக்ட்ரீஷியன் கடைக்குப் போன் போட்டார், கத்தினார், கெஞ்சினார். கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"பெட்டியில கோளாறு போல அக்கா. கழட்டிக் கொண்டுவரச் சொல்றாங்க. நாளைக்கு வேற மாட்டித் தரேன்."

"நாளைக்கா? மேல ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

"மேல ரெண்டு மணி நேரம் நானே நின்னு கட்டினேன். அங்க ஒரு குறையும் இல்ல."

மணி ஒன்று. ஒரு சட்டைக்குப் பத்து நிமிஷம், பதினைந்து சட்டைக்கு இரண்டரை மணி நேரம். அவளுக்கு அழுகை முட்டியது. சுவரில் துளை போட்ட தூசி சட்டைகளில் படிந்துவிடப் போகிறதே, போர்வையாவது போடலாம் என்று அலமாரியைத் திறந்தாள். ஒரு போர்வையும் இல்லை. பெட்ஷீட்டும் இல்லை. கம்பளிகூட இல்லை.

"மாமா, போர்வையெல்லாம் எங்க போச்சு?"

மாமனார் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மேலம்மா."

"மேலன்னா? துவைச்சுப் போட்டீங்களா?"

"பேனலுக்குப் போர்த்தியிருக்கேன். புஸ்தகத்துல படமே போட்டிருக்கான். கம்பியை மாட்டும்போது பேனலை மூடி வைக்கணுமாம். இந்தத் தம்பி மறந்துட்டாரு, பாவம். ஷாக் கீக் அடிச்சுத் தொலைச்சா?"

அவள் எப்படிப் படியேறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மாடியில் எட்டுப் பேனல்களும், மூலைக்கு ஒரு செங்கல்லாக, தலையோடு காலாக இழுத்துப் போர்த்திக்கொண்டு சொகுசாகத் தூங்கின. அவள் செங்கல்லைத் தள்ளினாள், கம்பளியை உருவினாள், பூப்போட்ட பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தாள். தரைச் சூட்டில் கால் பொரிந்தது. மூன்றாவது பேனலிலேயே கீழிருந்து எலக்ட்ரீஷியனின் குரல் தெருவையே எழுப்பியது.

"ஏறுது அக்கா! ஏறுது! இன்னும் உருவுங்க!"

ஒன்றேகாலுக்கு முதல் குதிரை பாய்ந்தது. நாலு காலும் இருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அடக்கவில்லை. எலக்ட்ரீஷியன் கிளம்புவதை மறந்து நூல் பிசிறை வெட்டிக் கொடுத்தார். மாமனார் குற்ற உணர்ச்சியில் மாடிக்குப் போய், பேனல் மேல் ஒரு காக்காவின் நிழல்கூட விழாமல் கம்போடு காவல் நின்றார். வெயில் படாமலிருக்க அவர் மேலுக்குப் போட்டுக்கொண்டது அந்த மூன்று கால் குதிரைச் சட்டை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேப்டன் வந்து வாசலில் நின்றான். மெஷினில் பதினைந்தாவது குதிரை, மூன்று கால் முடிந்து நாலாவது கால் ஆரம்பம். கீழே இறங்கிவந்த மாமனார் எல்லோருக்கும் டீ போடலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தார். பழக்கதோஷம், அங்கிருந்து சத்தம் வந்தது.

"கெட்டிலைப் போடட்டுமா?"

'வேண்டாம்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அங்கேயே குடியிருந்த வார்த்தை. அவள் ஊசியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"போடுங்க மாமா!"

கெட்டில் சீறியது. ஊசி நிற்கவில்லை. நாலாவது கால் குளம்புவரை வந்து முடிந்தது.

கேப்டன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். "இன்னும் பதினொரு டீம் இருக்கு அக்கா. நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?"

அவள் தலையாட்டினாள். போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்கும் நான் வரல."

"இன்னும் வயிறு சரியாகலையா? எத்தனை நாள் லீவு வேணும்?"

"லீவு வேணாம் சார். எனக்கு வீட்டுல வேலை இருக்கு."