ஆளுக்கு ஒரு முழம்

அசுன்சியோன் நகரத்தில் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. தண்ணீர் ஏறினால் பலகை வீட்டைப் பிரித்து, மேட்டிலிருக்கும் பூங்காவில் கொண்டுபோய் நட்டுக்கொள்வார்கள். வடிந்ததும் திரும்பி வருவார்கள்.

சுனில்டாவின் கணவன் புவனோஸ் அய்ரஸில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். ஆனாலும் அவள் கலங்கவில்லை. தம்பி ரெய்னேரியோவிடம் குதிரை வண்டி இருந்தது. தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பூங்காவில் சுவரோரமாக ஓர் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, முன்கூட்டியே பிடித்தும் வைத்திருந்தாள்.

"நீ கூரையைப் பிரிச்சு வையக்கா. விடிஞ்சதும் வண்டியோட வந்துடறேன்" என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

பிரித்து வைத்தாள். விடிந்தது. தண்ணீர் அடுப்படிக்குள் வந்தது, தூறலும் பிடித்தது. மொட்டை வீட்டுக்குள் கட்டிலின் மேல் இரண்டு மகள்களும் ஒரு போர்வைக்குள் ஒண்டிக்கொண்டார்கள். தம்பி போனை எடுக்கவே இல்லை.

படகோடு வந்தது பக்கத்து வீட்டு எர்மெலிந்தா. கோழி வெங்காயப் பாத்தியைக் கிளறிய சண்டையில் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

"எதுக்குடி மரம் மாதிரி நிக்கிற?"

"தம்பி வரான்."

எர்மெலிந்தா துடுப்பை நிறுத்தினாள். "வரமாட்டான். நான் பூங்காவுல இருந்துதான் வரேன். நீ கயிறு கட்டின இடத்துல அவன் மாமியாருக்குக் குடிசை போட்டுட்டிருக்கான்."

"பொய். கோழிச் சண்டைக்குப் பழி வாங்குறீங்களா?"

"ஆமா, பழி வாங்கத்தான் மழையில படகு தள்ளிட்டு வந்திருக்கேன். பிள்ளைங்கள ஏத்துடி."

எர்மெலிந்தா குரல் கொடுத்ததும் இன்னும் இரண்டு படகுகள் வந்தன. பலகை, தகரம், குளிர்பெட்டி எல்லாம் மேடேறின.

பூங்காவில் ரெய்னேரியோ ஒரு கூரைமேல் இருந்தான். அந்தக் கூரையின் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தது சுனில்டாவின் கயிறு.

"அக்கா..." வாயிலிருந்த ஆணியைத் துப்பினான். "அவங்களுக்கு மூட்டு வலி, தூரமா போக முடியாது. என் பொண்டாட்டியும் ஒரே அழுகை. நீ எப்படியும் சமாளிச்சுக்குவேன்னு..."

"வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. கூரையைப் பிரிச்சுட்டு, பிள்ளைங்கள மழையில உக்கார வெச்சேனே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுனில்டா சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் குடிசைகள்தான், கால் வைக்க இடமில்லை. சேற்றில் கிடந்த குளிர்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எர்மெலிந்தா தன் குடிசை இருந்த வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "ஏழு வீடு இருக்கோம். ஆளுக்கு ஒரு முழம் குறுக்கிக்குங்க. இவளுக்கு ஒரு இடம் வந்துரும்."

"இப்பவே காலை நீட்ட முடியல" என்று முனகினான் அந்த வரிசையில் இருந்த பசிலியோ.

"முடக்கிப் படுய்யா. உன் குறட்டைக்கு எதுக்கு அவ்வளவு இடம்?" என்றாள் அவன் மனைவி. வரிசையே சிரித்தது. பசிலியோதான் முதலில் கம்பைப் பிடுங்கினான். ஒவ்வொரு சுவராக நகர்ந்தது. மதியத்துக்குள் வரிசையின் கோடியில் ஒரு கட்டிலும் அடுப்பும் கொள்ளும் அளவுக்கு இடம் விழுந்தது.

சுத்தியலோடு ரெய்னேரியோ வந்து நின்றான். "நான் அடிக்கட்டுமாக்கா?"

"ஆள் இருக்கு."

"மாமா!" என்று பிள்ளைகள் அவனிடம் ஓடினார்கள். அவள் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை, பசிலியோவுக்குப் பலகையைத் தாங்கிப் பிடித்தாள். சற்று நேரம் நின்றுவிட்டு அவன் போய்விட்டான்.

எல்லாருக்குமாக ஒரே பானையில் எலும்பும் நூடுல்ஸும் வெந்தன. தட்டை வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. எர்மெலிந்தா அவள் தட்டில் இன்னொரு மரவள்ளித் துண்டை வைத்துவிட்டு, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.