நாற்பது நிமிட மரம்

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தால் கடையே ஆடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பதுதான் அவர் வேலை. வந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. "ஒண்ணா? எப்படிய்யா ஒண்ணாகும்? நல்லாப் பாத்துச் சொல்லு!" என்று அவர் போடும் சத்தத்தில், கண் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட எழுத்துகளைத் தப்பாகப் படித்தார்கள். ரத்த அழுத்தம் எகிறியது. "மாத்திரை தரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. மனுஷன் கொஞ்சம் அடங்கவும் வேணும்" என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் சீகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சி. ஒரு கூடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒல்லியான ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். முட்டியை லேசாக மடக்க வேண்டும். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்திருப்பதுபோலக் கைகளை நெஞ்சுக்கு நேரே வளைக்க வேண்டும். கண் பாதி மூடியிருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மூச்சு அடிவயிறு வரை போய் வர வேண்டும். அவ்வளவுதான், நாற்பது நிமிடம். பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. ஆறாம் வாரத்தோடு ஆசிரியர் ஊரை விட்டுப் போய்விட்டார். இவர் மட்டும் விடவில்லை. காய்ச்சலிலும் நின்றார், பல்வலியிலும் நின்றார். இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

நிற்கும் இடம் வீட்டின் பின்பக்கம், துணி உலர்த்தும் பால்கனி. ஒரு பக்கம் சலவை இயந்திரம், தலைக்கு மேல் இரண்டு கொடிகள், நடுவில் இவர். முதல் மாதம் தொடை நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்திலிருந்த வாளியும் சேர்ந்து ஆடியது. மூன்றாம் மாதம் ஏப்பம் ஏப்பமாக வந்தது. அடைப்பு விடுபடுகிறது என்று அவர் சொன்னார். ராத்திரி சாப்பாட்டைக் குறைங்க என்று மனைவி சொன்னாள். ஒரு வருடத்தில் உள்ளங்கை இரண்டும் கதகதவென்று ஆயின. "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று பூரித்துக்கொண்டு நீட்டினார். "அப்ப என் புடவையெல்லாம் இஸ்திரி போட்டுக் குடுங்க" என்றாள். மூன்றாம் வருடம் ஒருநாள் முதுகுத்தண்டின் அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மெல்ல மேலேறியது. ஆகா, வந்துவிட்டது என்று புல்லரித்துப்போனார். பிடரிக்கு வந்ததும் அது கடித்தது. எறும்பு.

ஆனால் கோபம் குறைந்தது என்னவோ நிஜம். அதில் மட்டும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொல்லப்போனால் அங்கேதான் வினையும் ஆரம்பித்தது.

இரண்டாம் வருடம், அப்போது பதின்மூன்று வயதான மகள், அவருடைய கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். எப்போது சொல்வது என்று தவியாய்த் தவித்தவள், அவர் மரமாய் நிற்கும்போது வந்து, கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கடகடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஓடிப்போனாள். அவர் மூக்கு விடைத்தது. காது சிவந்தது. நாக்கு மேலே ஒட்டியிருக்கிறதே, என்ன செய்வார்? மூச்சை அடிவயிற்றுக்கு அனுப்பினார். இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. அது முடிந்தபோது கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே வந்தார், காபியைக் குடித்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடு கப்பென்று பிடித்துக்கொண்டது. யாரும் எழுதாத சட்டம் ஒன்று உருவானது: நிற்கும்போது சொன்னதை, முடிந்த பிறகு கேட்கக் கூடாது. மாடி அறையில் தங்கியிருந்த மைத்துனன், காரைப் பின்னால் எடுத்து வாசல் தூணில் இடித்ததை அங்கேதான் சொன்னான். அடுத்த மாதம் அதே தூணில் மறுபடி இடித்ததையும் அங்கேதான் சொன்னான். மேல்வீட்டு டீச்சர் படியிறங்கி வந்து, "சார், உங்க எலுமிச்சை மரத்துல மூணு வருஷமா பறிக்கிறது நான்தான். அணில் இல்ல" என்று சொல்லிவிட்டு, மனபாரம் இறங்கிய முகத்தோடு படியேறிப் போனார். வரிசை நீண்டதால் பால்கனிக் கதவுக்கு வெளியே மைத்துனன் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டான்.

வராத ஒரே ஆள் மனைவி. அஞ்சல் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் போர்வைக்குப் பின்னால் அவள் வந்து நின்றதில்லை. கண்ணாடிக்காரருக்கு அதில் ஏகப் பெருமை. "என் வீட்டுக்காரிக்கு என்கிட்ட மறைக்க ஒண்ணுமே இல்லீங்க" என்று கடை முதலாளியிடம் அடிக்கடி மார்தட்டிக்கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, போர்வைக்குக் கீழே அவள் செருப்பு தெரிந்தது. துணி காயப்போட வந்திருப்பாள் என்று நினைத்தார். பக்கத்தில் வாளி இல்லை.

"ஏங்க..." என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துச் சலவை இயந்திரம் முடிந்துவிட்டதென்று கீ கீ என்று கத்தியது. அவள் பெருமூச்சு விட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது வருடமாக வராதவள் வந்திருக்கிறாள் என்றால் அது என்ன விஷயமாக இருக்கும்? தூண் அளவுக்கா, எலுமிச்சை அளவுக்கா, இல்லை அதற்கும் மேலேயா?

அன்று கடையில், தூரத்தில் உள்ளது தெரியவில்லை என்று வந்தவருக்குப் படிக்கிற கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் மெதுவாக, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், உலகத்திலேயே பயங்கரமான வார்த்தை அதுதான்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னப்பா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? அம்மா ஆபீஸ்ல ஏதோ பதில் எழுதிக் குடுக்கணுமாம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாப்பிடும்போது உங்ககிட்ட மூணு தடவை சொன்னாங்களே."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்-னு சொன்னீங்க."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அப்படி என்னதான் சொன்னா?"

"அதை அம்மாகிட்டயே கேளுங்க. நான் நடுவுல வரமாட்டேன்."

எப்படிக் கேட்பது? கேட்டால், அவள் பேசியது எதுவுமே காதில் விழவில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஊரார் சொல்வதையெல்லாம் வரிசை வைத்துக் கேட்கிற மனிதர், பெண்டாட்டி சொன்னதற்கு ம் கொட்டியிருக்கிறார். எதற்குச் சம்மதித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவளாக மறுபடி பால்கனிக்கு வந்தால்தான் உண்டு என்று தோன்றியது.

அதனால் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் நின்றார். அவள் வரவில்லை. புதன்கிழமை ஒன்றரை மணி நேரம் நின்றார். அவள் வரவில்லை, மற்ற எல்லோரும் வந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறதே என்று மைத்துனன் இரண்டாவது சுற்று வந்து, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செய்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். டீச்சர் தன் நாத்தனாரையும் அழைத்து வந்தார். முன்பின் தெரியாத அந்த அம்மாள் கண்ணாடிக்காரரைச் சுற்றி வந்து பார்த்து, "நிஜமாவே பேசமாட்டாரா? எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று உச்சுக் கொட்டினார். வியாழக்கிழமை அவர் கால்கள் அவருடையவை என்பதே மறந்துபோய்விட்டது. கடைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் போய் நின்றுவிட்டார். ஏழு மணிக்குக் கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"எழுந்திரு அங்கேருந்து."

"அக்கா, இப்ப என் முறை..."

"எழுந்திருடா!"

முக்காலி நகர்ந்தது. அவள் உள்ளே வந்தாள். போர்வைக்குப் பின்னால் நிற்கவில்லை. அவருக்கு நேர் எதிரே, வளைந்திருந்த இரண்டு கைகளுக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தாள் இருந்தது.

"மலைமேல இருக்கற ஒரு ஊருக்கு என்னைத் தலைமை அதிகாரியாப் போடறாங்க. ரெண்டு வருஷம். மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் ம்-னீங்க. நாலாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, அதான் இங்க வந்தேன். இந்தத் தாள்ல ரெண்டு கட்டம் இருக்கு. 'தனியாக', 'குடும்பத்துடன்'. அதைப் பொறுத்துத்தான் அங்க வீடு குடுப்பாங்க. நான் தனியாகன்னு போடப்போறேன். இங்கயும் நான் தனியாத்தானே இருக்கேன்? நாற்பது நிமிஷம் ஊரே உங்ககிட்ட வந்து பேசுது. மிச்ச இருபத்துமூணு மணி நேரம் நான் யார்கிட்ட பேசறது, சொல்லுங்க? சரி, சொல்லமாட்டீங்க. அவ்வளவுதான். அப்புறம் இதைப் பத்திக் கேக்கக் கூடாது, அதானே உங்க சட்டம்."

அவள் திரும்பினாள்.

கண்ணாடிக்காரர் மூச்சை அடிவயிற்றுக்கு அனுப்பினார். போகவில்லை. மறுபடி அனுப்பினார், அது தொண்டையிலேயே நின்றுகொண்டது. கடிகாரம் தண்ணீரில் விழுந்தபோது அசையாதவர், கார் இரண்டு முறை இடித்தபோது அசையாதவர். ஒன்பது வருடமாக ஒட்டியிருந்த நாக்கு பட்டென்று கழன்றது.

"போகாதே!"

அந்தச் சத்தத்தில் எலுமிச்சை மரத்துக் காக்கைகள் பறந்தன. ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கத்தான் நினைத்தார். கால் மரத்துப்போயிருந்தது. ஒரு எட்டு வைத்ததும் தடுமாறி, போர்வையைப் பிடித்து, போர்வை கொடியை இழுத்து, இரண்டு கொடியும் அறுந்து, நேற்றைய துணி முழுவதும் அவர் தலைமேல் வந்து விழுந்தது.

"மாமா பேசிட்டாரு! மாமா பேசிட்டாரு!" என்று மைத்துனன் வீட்டுக்குள் ஓடினான். "ஐயோ, சட்டம் போச்சே! நேத்துதான் எல்லாத்தையும் சொன்னேன்!" மேலே டீச்சர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. மகள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிற நிலைமையைப் புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

துணிக் குவியலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "போகாதேன்னா சொன்னேன்? தப்பு தப்பு. போ. நல்ல வேலை, கட்டாயம் போ. நானும் வரேன். அந்த ஊர்ல யாருக்கும் கண்ணு மங்காதா என்ன?"

அவள் தலையணை உறையை அவர் முகத்திலிருந்து எடுத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவள் முகத்தை என்னமோ செய்தன. "அங்க வந்து மட்டும் என்ன பண்ணுவீங்க? அங்கயும் ஒரு பால்கனி இருக்கும்."

"பேசுவேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்."

"எங்க, இப்ப பேசுங்க பாக்கலாம்" என்று சொல்லி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேனாவைத் திறந்து தாளை மடியில் வைத்தாள். "எட்டரை மணிக்கு நான் கிளம்பணும்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். ஊரார் கதை அத்தனையும் வரிசையாக வந்து நின்றது, அவருடைய கதை ஒன்றுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. கால்சட்டையும் துண்டும் சுற்றிக் கிடந்த கால்களைப் பார்த்துக்கொண்டே, கடைசியில் சொன்னார்.

"எனக்கு ஒன்பது வருஷமா முட்டி வலிக்குது."

"அடப்பாவி மனுஷா! ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே. எல்லாரும் சொல்லத்தானே வந்தாங்க."

அவள் வாளியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். ம் கொட்டவில்லை. "அப்புறம்?" என்று கேட்டாள்.

அப்புறம் அவர் பேசினார். தன்னைவிடச் சின்னவன் ஒருவனை முதலாளி கடைக்குப் பொறுப்பாளனாகப் போட்டதைச் சொன்னார். அன்று வீட்டுக்கு வரப் பிடிக்காமல் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். எழுத்துப் பலகையின் கடைசி வரி இப்போது தனக்கே தெரிவதில்லை, மனப்பாடத்தில் ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முதுகில் ஏறிய எறும்பைக்கூட விடவில்லை. அவள் நடுவில் தாளில் ஏதோ கோடு போட்டு மடித்துப் பைக்குள் வைத்ததை அவர் கவனிக்கவே இல்லை. எட்டரை ஆயிற்று. எட்டே முக்காலும் ஆயிற்று. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள். அவர் அந்தத் துண்டைத் தோளில் போட்டபடியே, நொண்டிக்கொண்டே, பேசிக்கொண்டே வாசல்வரை பின்னால் வந்தார்.

"போதுங்க, எனக்கு நேரமாச்சு" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "மிச்சத்தை மலைமேல போய்ச் சொல்லுங்க."